எட்டுக் கேபிள்

எங்கள் ஊரில் கண்ணாடிக் கம்பி இல்லாத வீடே கிடையாது. வீட்டுக்கு வீடு நெட் வந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அந்த யோகம் எங்களுக்கு எங்கே? துணி காயப்போட, தக்காளிச் செடிக்குக் குச்சி கட்ட, தொய்ந்த கட்டிலை இழுத்துப் பிடிக்க, எல்லாவற்றுக்கும் வெட்டி எறிந்த கேபிள் துண்டுதான். புத்தூரிலிருந்து நாகலாபுரம் போகிற ரோடு ஓரமாகக் கேபிள் இழுக்கும் வேலை வருஷக்கணக்கில் நடக்கிறது. மிச்சத் துண்டுகளை ஆட்கள் வீசிவிட்டுப் போவார்கள், நாங்கள் பொறுக்கிக்கொண்டு வருவோம். "கரெண்டு கம்பி இல்லடி, கண்ணாடி. ஷாக் அடிக்காது" என்று பால் மணம் மாறாத பிள்ளைகூடச் சொல்லும். அந்தப் பேச்சை இப்போது யாராவது சொன்னால் எனக்கு வாயில் கெட்ட வார்த்தைதான் வருகிறது.

என் வீட்டுக்காரர் வேணுவுக்கு அந்தக் கேபிள் வேலைதான். கம்பம் ஏறி இழுத்துக் கட்டுவார். அறுந்த இடத்தில் தலைமுடியைவிடச் சன்னமான கண்ணாடி இழைகளை மெஷினில் வைத்து ஒட்டுவார். என் பெயர் ஸ்வர்ணலதா. வாய் கொஞ்சம் நீளம் என்பார்கள். கொஞ்சம் என்பது அவர்களுடைய பெருந்தன்மை. அவருக்கோ பேச்சே வராது. ஆனால் கேபிளைப் பற்றி ஆரம்பித்தால் தட்டில் சோறு காய்ந்து போகும், பேச்சு ஓயாது.

சாமி படத்துக்குக் கீழே இருந்த பலகையில் ஒவ்வொரு தினுசிலும் ஒரு விரல் நீளத் துண்டு வைத்திருந்தார். "சாமி பக்கத்துல இன்னாய்யா இந்தக் குப்பை?" என்று கேட்டால் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் காட்டுவார்.

"இது மண்ணுக்குள்ள பொதைக்கறது. சுத்தி இரும்புத் தகடு கீது பாரு, எலி கடிச்சா எலிக்குத்தான் பல்லு போவும். உள்ள கொழகொழன்னு ஒரு பசை, தண்ணி எறங்காது. இது பைப்புக்குள்ள காத்தடிச்சித் தள்றது. பைப்பே காப்பு, இதுக்கு இரும்பு வாணாம். இந்த மஞ்சக் கலரு ஆபீசுக்கு உள்ள மட்டுந்தான், வெயில்ல வச்சா தோலு வெடிச்சிடும்."

"அப்ப இது?" கறுப்பாக, உருண்டையாக இருந்த ஒன்றைக் காட்டிக் கேட்பேன்.

"இதான் கரெண்டு கம்பத்துல தொங்கவுடறது. இதுல குண்டூசி அளவு இரும்பு கூட இருக்காது. பிளாஸ்டிக்கு, கண்ணாடி, அப்புறம் இந்த மஞ்ச நூலு. ஆளே புடிச்சித் தொங்கினாலும் இந்த நூலு அறுவாது."

"இரும்பு இருந்தா இன்னா கொறஞ்சி பூடும்?"

"மேல பதினோராயிரம் வோல்ட்டு போய்க்கினு கீது லதா. காத்துல ஆடிப் பட்டுச்சினா, இரும்புல எறங்கி நேரா ஆளு மேல வரும். எந்தெந்தக் கேபிளு எங்கெங்க இருக்கணுமோ அங்கதான் இருக்கணும்."

எங்கள் மகள் அக்ஷயா நிறங்களைக் கற்றுக்கொண்டதே அந்த இழைகளை வைத்துத்தான். இழைகளுக்கு வரிசையாக நிறம் உண்டு. அங்கன்வாடியில் மற்ற பிள்ளைகள் ரெட், எல்லோ என்று சொல்லும்போது இவள் மட்டும் "ப்ளூ, ஆரஞ்ச், க்ரீன், ப்ரௌன், சிலேட்" என்று அடுக்குவாள். டீச்சர் அசந்துபோனார். இவருக்குத் தலைகால் புரியவில்லை.

சாவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஒருநாள் மதியம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு கேபிள் சுருள். அதுவரை நான் பார்க்காத தினுசு. மேலே சின்ன உருண்டை, கீழே பெரிய உருண்டை, நடுவில் கழுத்து. அறுத்த முகத்தைப் பார்த்தால் எட்டு என்று எழுதினது மாதிரியே இருந்தது.

"எட்டுக் கேபிளு" என்றார். "மேல கீற சின்னதுல உள்ள முறுக்குக் கம்பி. முழு இரும்பு." அடுப்பைப் பற்றவைத்து முனையை நெருப்பில் காட்டினார். பிளாஸ்டிக் உருகிச் சொட்டியது. கீழ் உருண்டை கருகி உதிர்ந்தது. மேலே இருந்த கம்பி மட்டும் சிவந்து, பிறகு கறுத்து, அப்படியே நின்றது. "பாத்தியா? எல்லாம் எரிஞ்சாலும் இது எரியாது. இத கொண்டாந்து கரெண்டு கம்பத்துல கட்டுன்றான் நாகபூஷணம்."

நாகபூஷணம் கம்பெனியின் சூப்பர்வைசர், திருப்பதிக்காரர். இதைத் தனிக் கம்பம் நட்டு, கரெண்டு லைன் பக்கத்தில் இல்லாத இடத்தில்தான் கட்ட வேண்டும் என்று இவர் சொல்லியிருக்கிறார். நல்ல கேபிள் ஸ்டாக் வரவில்லை, வேலை நிற்கக் கூடாது, இருக்கிறதை இழு என்று அந்த ஆள் சொல்லிவிட்டார்.

"போவாதய்யா. வேற வேலையா கெடைக்காது?" என்றேன்.

"நான் ஏறலன்னா ஜெபாவ ஏத்துவான். அவன் புதுசு, எதுல இரும்பு கீது எதுல இல்லன்னு கூடத் தெரியாது." ஜெபகுமார் அவருடன் வேலை செய்த பையன், நாகலாபுரம் பக்கம். போன வருஷம்தான் கல்யாணம் ஆனது. "மேல லைன ஆஃப் பண்ணச் சொல்லித்தான் ஏறுவேன், பயப்படாத" என்றார். சுருளைப் பிரித்து மாட்டுக்கொட்டாயில் துணிக் கொடியாகக் கட்டினார். "இங்கன்னா மேல லைன் இல்ல. இதுக்கு இதான் எடம்" என்று சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அது ஒன்றுதான்.

செவ்வாய்க்கிழமை பகல் பதினோரு மணிக்கு அவர் போய்விட்டார். மேலே லைன் ஆஃப் ஆகவில்லை. இழுத்த கேபிள் துள்ளி மேல் கம்பியில் உரசியது. கட்டுவதற்காகத் தோலுரித்த முனை அவர் கையில் இருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் எனக்குச் சொன்ன கதை வேறு.

பிணவறை வாசலில் நாகபூஷணம் நின்றுகொண்டிருந்தார். என்னிடம் பேசவில்லை. என் மாமியார் ரத்தினம்மாவிடம் போய், எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னார். "ஏம் சேஸ்தாம் அம்மா, இன்னா பண்றது, விதி. பகல்லயே குடிச்சிட்டு ஏறிட்டான். தள்ளாடி மேல் கம்பியப் புடிச்சிட்டான். கம்பத்துக்குக் கீழ பாட்டில் இருந்துச்சி, போலீஸ் எடுத்துப் போயிருக்காங்க."

நான் கத்தினேன். "யாருய்யா குடிச்சது? அவுரு வாயில ஒரு சொட்டு பட்டத யாராவது பாத்திருக்கீங்களா?" கூட வந்தவர்கள் என் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்கள். மாமியார் என்னையும் பார்க்கவில்லை, அந்த ஆளையும் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தபடி நின்றாள்.

அதற்குக் காரணம் இருக்கிறது. என் மாமனார் குடித்துக் குடித்தே செத்தவர். நிலத்தைக் குடித்தார், மாட்டைக் குடித்தார், கடைசியில் கால்வாயில் கவிழ்ந்து கிடந்தார். அவர் பிணத்தை வைத்துக்கொண்டு ரத்தினம்மா ஊர் நடுவே சொன்னாளாம்: "குடிச்சி செத்தவனுக்கு நான் அழமாட்டேன்." அழவில்லை. சொன்ன சொல் மாறாதவள் என்று அதற்கு அவளுக்கு ஒரு பெயர்.

எங்கள் வழக்கத்தில் பிள்ளை செத்தால் பெற்றவள்தான் முதலில் குரல் எடுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் தெருப் பெண்கள் வந்து அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைப்பார்கள். வேணுவைக் கொண்டுவந்து வாசலில் கிடத்தினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து மாமியார் முகத்தையே பார்த்தார்கள். அவள் வாய் திறக்கவில்லை. நான் ஒருத்தி மட்டும் மாரில் அடித்துக்கொண்டு கத்தினேன். சாவு வீட்டில் ஒப்பாரி இல்லையென்றால் என்ன அர்த்தம் என்று ஊருக்குத் தெரியாதா? ஒருத்தி இன்னொருத்தி காதில், "அப்பன் வழியேதான் புள்ளையும்" என்றது எனக்கும் கேட்டது. எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக்கொள்ளப் புத்தூருக்கு எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். பெயர் முறிந்தால் எங்கே போய்க் கட்டுவது?

மறுநாள் சாயங்காலம் எரித்தார்கள். அதற்கு மறுநாள் காலை பால் தெளிக்கிற சடங்கு. வேணுவின் அண்ணன் முனிசாமி பால் செம்போடு, ஆம்பளைகளைக் கூட்டிக்கொண்டு சுடுகாட்டுக்குப் புறப்பட்டார். அந்த நேரம் பார்த்து நாகபூஷணம் பைக்கில் வந்து இறங்கினார். கையில் மாலை வேறு.

"சூடம்மா, இங்க பாரு" என்று எனக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "நீ ஆஸ்பத்திரியில போலீஸ்கிட்ட கம்பெனி மேல தப்புன்னு சொன்னியாமே. மா கம்பெனி கேபிள்ல இரும்பே லேது, இல்ல. முழுக்கக் கண்ணாடி, பிளாஸ்டிக். அதுல கரெண்டே பாயாது. நீயே போய்ப் பாரு, ரோட்டுல தொங்குது."

போய்ப் பார்க்க வேண்டியதில்லை. சாவு நடந்த மறுநாள் விடிவதற்குள் அந்த ரோட்டில் எட்டுக் கேபிளைக் கழற்றிவிட்டு உருண்டைக் கேபிளை மாட்டிவிட்டார்கள் என்று பால்காரர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். ஸ்டாக் வரவில்லையாம்! உயிர் போனதும் ஸ்டாக் எப்படி வந்தது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர்கள் அதற்கு மேல் குழம்பும் ஊற்றிவிட்டார்கள்.

"ரத்தத்த எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிச்சிருக்காங்க இல்ல. குடிக்கலன்னு அதுல வரும்" என்றேன்.

"வரும்மா. மாசக்கணக்காகும். அதுக்குள்ள கேஸ மூடிடுவாங்க. கேபிள்ல கரெண்டு வராது, அப்ப அவனாதான் புடிச்சிருக்கணும். சின்னப் புள்ளையும் கேட்டுப் புரிஞ்சிக்கும். எதுக்கு ஸ்டேஷன், கோர்ட்டுன்னு அலையற? கம்பெனி உன்னப் பாத்துக்கும்."

"நீ கட்டச் சொன்னது எட்டுக் கேபிளு. அதோட துண்டு எங்க கொட்டாயில துணிக் கொடியா தொங்குது. இருய்யா, எடுத்துனு வரேன்" என்று எழுந்தேன். அந்த ஆளின் முகம் செத்துப்போனதைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு உயிர் வந்தது.

கொட்டாயில் கொடி இல்லை. துணிகள் மூட்டையாகத் தீவனத் தொட்டி மேல் கிடந்தன. கட்டியிருந்த இரண்டு கழிகளும் வெறுமனே நின்றன.

"அத்தே! இங்க இருந்த கயிறு எங்க?"

மாமியார் கொட்டாய் வாசலில் வந்து நின்றாள். "எரிச்சாச்சி" என்றாள்.

இதுவும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். அகால மரணம் என்றால் உயிரெடுத்தது எதுவோ அதுவும் கூடப் போக வேண்டும். மாடு முட்டிச் செத்தால் மாட்டின் கயிறு, மரத்திலிருந்து விழுந்தால் அந்தக் கிளை. வீட்டில் வைத்தால் இன்னொரு உயிரைக் கேட்கும் என்பார்கள். பிணம் எடுக்கிற கூட்டத்தில், நான் மயங்கிக் கிடந்தபோது, குடித்து ஏறினாலும் இந்தக் கேபிள் வேலைதான் அவனைக் கொண்டுபோனது என்று அவளே கொடியை அவிழ்த்துச் சுருட்டி மகன் நெஞ்சின் மேல் வைத்து அனுப்பியிருக்கிறாள். நல்லதுக்குத்தான் செய்தாள். அந்த நல்லதை நினைத்து அவளை அங்கேயே அடித்துவிடலாம் போலிருந்தது.

வாசலுக்கு வந்தேன். நாகபூஷணம் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். மாலையை எடுத்து போட்டோவுக்குப் போட்டார். "எரிஞ்சி போச்சா? சரி, விடம்மா. போனது போச்சு" என்றார். குரலில் அவ்வளவு ஆறுதல்.

எரிந்து போச்சு என்று அவர் சொன்னபோதுதான் அடுப்பில் சிவந்து, கறுத்து, அப்படியே நின்ற கம்பி என் கண் முன்னால் வந்தது. பால் தெளித்து, எலும்பைப் பொறுக்கி முடித்தால் சாம்பலை வாரி ஓடையில் கொட்டிவிடுவார்கள். நான் ஓடினேன். செருப்புகூடப் போடவில்லை. எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குள் கால் வைக்க மாட்டார்கள். அதைப் பற்றி யோசிக்க அப்போது எனக்கு நேரமில்லை.

"ஏய், லதா! பொம்பளைங்க வர எடமா இது? திரும்பிப் போ!" முனிசாமி மாமா கை நீட்டித் தடுத்தார்.

"மாமா, இன்னும் வாரலையே? வாரலையே?" என்று கேட்டபடியே அவர் கையைத் தள்ளிவிட்டுப் போனேன்.

அப்போதுதான் தண்ணீர் ஊற்றி ஆற்றியிருந்தார்கள். சாம்பல் கரைந்து ஓடிய இடத்தில் வெள்ளையாக எலும்புகள் தெரிந்தன. நெஞ்சிருந்த இடத்தில் கறுப்பாக, சுருள் சுருளாக, கம்பி. பிளாஸ்டிக் இல்லை, கண்ணாடி இல்லை, நூல் இல்லை. இரும்பு மட்டும் இருந்தது. எங்கள் வீட்டுச் சாமி படத்தின் மேல் சத்தியமாக, அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன். புருஷன் எலும்பைப் பார்த்துக்கொண்டு சந்தோஷப்பட்ட பாவி நானாகத்தான் இருப்பேன்.

கை வைத்ததும் சுட்டது. மேலேதான் ஆறியிருந்தது, அடியில் கங்கு இருந்தது. விலா எலும்பு ஒன்று சுருளுக்குள் சிக்கியிருந்தது. அதை எப்படிப் பிரித்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். ஆம்பளைகள் யாரும் கிட்டே வரவில்லை.

சுடுகாட்டு வேலிக்கு வெளியிலிருந்து மாமியார் கத்தினாள். "தொடாதடி! போனத திருப்பிக் கொண்டாந்தா அது சும்மா வராது. அக்ஷயாவ கேக்கும்! ஊட்டுக்குக் கொண்டாந்தா உன்ன வாசப்படி ஏறவுட மாட்டேன்!"

"என் பொண்ண அது கேக்காது அத்தே. அவங்க நைனாவுக்குக் குடிகாரன்னு பேரு வந்துச்சே, அதுதான் அவள உயிரோட துன்னும்!" என்று நானும் கத்தினேன். கம்பியை முந்தானையில் முடிந்துகொண்டு அப்படியே பஸ் ஏறினேன்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. நல்ல மனுஷர்தான், குறை சொல்ல மாட்டேன். சாம்பல் அப்பிய முந்தானையைப் பார்த்து நாற்காலி போடச் சொன்னார். கம்பியை மேஜை மேல் வைத்ததும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அம்மா, கேபிள் மேல கம்பெனிப் பேரு, தினுசு எல்லாம் அச்சடிச்சிருக்கும். இதுல அந்தத் தோலே இல்லையே. நாளைக்கு அவங்க வக்கீலு, இது ஏதோ வேலிக் கம்பின்னு சொன்னா நான் இன்னா சொல்லட்டும்? நான் நம்பறேன். நான் நம்பி இன்னா ஆவப்போவுது?"

"அச்சோட கீற துண்டு வந்தா?"

"வந்தா, அதுல கீற கம்பியும் இதுவும் ஒண்ணா ஒத்துப்போனா, அது வேற கதை" என்றார். கம்பியைத் திரும்ப என்னிடமே கொடுத்து, பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்.

எங்கே போய்த் தேடுவது? ரோட்டில் இருந்ததைத்தான் சுத்தமாகக் கழற்றிவிட்டார்களே. ஊரில் மற்ற வீடுகளில் தொங்குவதெல்லாம் பழைய உருண்டைக் கேபிள். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் கடைசியில் உட்கார்ந்து வெளியே வெறித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஊருக்கு முன்னால், கரும்புத் தோட்டம் தாண்டி ஒரு கிளை ரோடு பிரிகிறது. அங்கே மரத்தடியில் பெரிய மர டிரம் ஒன்று நின்றது. அதில் சுற்றியிருந்த கேபிளுக்குக் கழுத்து இருந்தது. பக்கத்துக் கரெண்டு கம்பத்தில் பாதி உயரத்தில் ஒரு ஆள். ஜெபகுமார்.

"நிறுத்துப்பா!" என்று நான் கத்திய கத்தலில் ஆட்டோக்காரர் பிரேக்கை ஏறி மிதித்தார்.

பழி கேபிள் மேல் இல்லை என்று நிரூபித்தாகிவிட்டதே, பிறகென்ன, மிச்சத்தை வீணாக்குவானேன் என்று நினைத்திருக்கிறார்கள். நல்ல கேபிளை மெயின் ரோட்டில் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி மாட்டிவிட்டு, இதை உள்ரோட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். நாகபூஷணம் கம்பத்தடியில் போன் பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை இறக்கினார்.

நான் அவரைத் தாண்டி நடந்தேன். கம்பத்துக்குக் கீழே போய் நின்று முந்தானை முடிச்சை அவிழ்த்தேன். சுருளைத் தூக்கிப் பிடித்தேன்.

"ஜெபா, இது இன்னான்னு தெரியுதா?"

அவன் குனிந்து பார்த்தான்.

"உங்க அண்ணன் நெஞ்சு மேலருந்து எடுத்தாந்தேன். எலும்போட பொறுக்கினேன். நீ ஏறக்கூடாதுன்னுதான் அன்னிக்கு அவுரு ஏறினாரு. இப்ப நீ ஏறியிருக்க. நாளைக்கு உன் பொண்டாட்டி வந்து இப்படிச் சாம்பல்ல கை வுட்டுப் பொறுக்கணுமா?"

"ஏய் ஜெபா, பனி சூடு! வேலையப் பாரு" என்று நாகபூஷணம் அதட்டினார். "அந்தம்மாவுக்குப் பித்துப் புடிச்சிருக்கு."

ஜெபகுமார் என் கையிலிருந்த சுருளை இன்னொரு தரம் பார்த்தான். பிறகு இறங்கினான். இடுப்பு பெல்ட்டைக் கழற்றித் தரையில் போட்டான். டிரம் பக்கம் போனான், கட்டரை எடுத்தான், முழ நீளத்துக்கு ஒரு துண்டை வெட்டினான். நாகபூஷணம் ஓடிவந்து அவன் சட்டையைப் பிடித்தார். அவன் உதறிவிட்டு என்னிடம் வந்தான்.

"அண்ணி, அச்சு கீற எடமா பாத்துதான் வெட்டினேன்" என்றான். "அண்ணன் குடிக்கல. காலையில டீ கூடக் குடிக்கல. லைன் ஆஃப் ஆச்சான்னு ரெண்டு வாட்டி கேட்டாரு. ஆச்சி, ஏறுன்னு இந்த ஆளுதான் சொன்னாரு. பாட்டில வச்சதும் இவுருதான். நான் பாத்தேன். வேல பூடும்னு வாய மூடிக்கினேன் அண்ணி."

அவனை அறைய வேண்டும் என்று கை துடித்தது. அழவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல், "ஸ்டேஷனுக்கு வந்து இத சொல்றியா?" என்று கேட்டேன். தலையாட்டினான். சாயங்காலமே வந்து சொன்னான். அதோடு அவன் வேலையும் போயிற்று. இப்போது ஸ்ரீசிட்டியில் ஏதோ கம்பெனியில் மூட்டை தூக்குகிறான். கேஸ் நடக்கிறது, வாய்தா வாய்தாவாக. நாகபூஷணம் ஜாமீனில் இருக்கிறார். அந்த டிரம்மை அன்று மதியமே லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அது எந்த ஊர்க் கம்பத்தில் தொங்குகிறதோ, அதன் கீழே எந்தப் புள்ளை நடந்து போகிறதோ, தெரியவில்லை.

ஸ்டேஷனுக்குப் போகும் முன்னால் அக்ஷயாவைப் பார்க்க வீட்டுக்கு வந்தேன். மாமியார் சொன்னபடியே வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். நான் ஏறவில்லை. வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். கம்பிச் சுருளையும் புதுத் துண்டையும் பக்கத்தில் வைத்தேன். அக்ஷயா ஓடிவந்து துண்டின் முனையில் தெரிந்த இழைகளைப் பார்த்ததும் விரலை வைத்து, "ப்ளூ, ஆரஞ்ச், க்ரீன்" என்று ஆரம்பித்துவிட்டாள். எரிந்த கம்பியைக் காட்டி, "இது இன்னா கலர் நைனாவக் கேக்கணும்" என்றாள். நான் அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

மாமியார் அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்தாள். கையில் மண்ணெண்ணெயோ, கத்தியோ கொண்டுவருகிறாளோ என்று பார்த்தேன். தேங்காய் எண்ணெய்க் கிண்ணம். என் கையைப் பிடித்து வெந்த இடத்தில் தடவினாள். தடவி முடித்ததும் இரண்டையும் கையில் எடுத்தாள். தொடாதே என்று கத்தினவள்தான்.

இடுப்பிலிருந்த களைக்கொத்துக் கத்தியால் புதுத் துண்டின் மேல் உருண்டையைக் கீறித் தோலை உரித்தாள். உள்ளே பளபளவென்று முறுக்குக் கம்பி. நகத்தால் முறுக்கைப் பிரித்து ஒவ்வொரு இழையாகத் தடவினாள். பிறகு எரிந்ததைப் பிரித்துத் தடவினாள். இதே முறுக்கு, இதே இழை.

"ரெண்டும் ஒண்ணுதானாடி?"

"ஒண்ணுதான் அத்தே."

"இதுலதான் வந்துச்சா கரெண்டு?"

"இதுலதான். அவுரு மேல கம்பியத் தொடவே இல்ல. ஜெபா பாத்திருக்கான். காலையில டீ கூடக் குடிக்கலையாம்."

அவள் கம்பியை மடியில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள். எதிர் வீட்டில் யாரோ முறத்தில் புடைப்பதை நிறுத்தினார்கள்.

"அப்ப என் புள்ள குடிக்கல" என்றாள். என்னிடம் சொன்ன மாதிரி இல்லை.

"இல்ல அத்தே."

"என் புள்ள குடிக்கல" என்று இன்னொரு தரம், எதிர் வீட்டுக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னாள். அடுத்தது சொல்லாக வரவில்லை. "ஐயோ என் நைனா, என் மவனே" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் எடுத்தாள் பாருங்கள், கொட்டாயில் மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு எழுந்து நின்றது.

பிணம் இல்லை, பாடை இல்லை. சாம்பலையும் ஓடையில் கரைத்தாகிவிட்டது. எதிர் வீட்டுக்காரி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வந்து மாமியார் தோளைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி வந்தாள். "அப்பன் வழியேதான்" என்று அன்றைக்குச் சொன்னவளும் வந்தாள், நான் நகர்ந்து இடம் விட்டேன். நான் ஸ்டேஷனுக்குப் போகப் பஸ் பிடிக்கும்வரை அந்த அழுகை கேட்டுக்கொண்டே இருந்தது.